கணக்கு எழுதுபவரின் தர்மசங்கடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிலில் தர்மசங்கடம் என்றாலே லஞ்சம் வாங்கலாமா கூடாதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அது சுலபமான கேள்வி. "அடுத்த மாதம் போகிற சரக்குதானே, இந்த மாத விற்பனையில் ஏற்றிவிடுங்கள்" என்பார் மேலாளர். யாரும் திருடவில்லை, பணமும் வரத்தான் போகிறது. மறுத்தால் பக்கத்து மேசைக்காரரின் போனஸும் போகும். (அவர் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டும்!)

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில், லாபம் கூடுதலாகத் தெரியும்படி செலவுகளைச் சொத்தாகக் காட்டிய மோசடி 2002-இல் வெளிவந்தது. முதலில் தெரிந்தது மட்டும் 380 கோடி டாலர். உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவர் குழுவும் இரவில் ரகசியமாக வேலை பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அவரைப் பாராட்டுகிறோம், சரி. மேலிடம் சொன்னதால் மனமில்லாமல் அந்தப் பதிவுகளை எழுதிய ஒரு நடுமட்டக் கணக்காளருக்கும் 2005-இல் 5 மாதச் சிறை விதித்தார்கள். வேலையை விட நினைத்தவர், குடும்பம் தன் சம்பளத்தை நம்பியிருந்ததால் தங்கிவிட்டார். என் அனுதாபம் அவர் பக்கம்தான். அதற்காகத் தண்டனை தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

பற்று வரவு சொல்லித்தரும்போதே, மேலாளரிடம் மறுப்பை எழுத்தில் கொடுப்பது எப்படி என்றும் மாணவர்களுக்குச் சொல்லித்தரலாம். "இதை எழுதச் சொன்னது யார்?" என்று பதிவின் ஓரத்தில் ஒரு கையெழுத்துக் கேட்டாலே பல மேலாளர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

– ஓய்வுபெற்ற கணக்காளர்