குளத்துக்குப் புள்ளடி போட்ட ஆசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

தரம் மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் தயாரித்துக் கொடுக்கிற வன்னி ஆசிரியர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் குளத்தின் கீழ் வயல் செய்கிறவன் நான். கமக்கார அமைப்பில் செயலாளராகவும் இருக்கிறேன். ஆங்கிலம் படித்தது ஓ.எல். மட்டும்தான்.

போன கிழமை பேத்தி ஒரு தாளோடு வந்தாள். இடப்பக்கம் ஐந்து சொல், வலப்பக்கம் ஐந்து படம், கோடு இழுத்துப் பொருத்த வேண்டும். 'டாங்க்' என்ற சொல்லிலிருந்து கோடு இழுத்து, தாமரையும் இரண்டு தாராவும் நிற்கிற தண்ணீர்ப் படத்தில் கொண்டுபோய் முட்டவிட்டிருந்தாள். அதற்குப் பிழையென்று சிவப்புப் புள்ளடி. அந்தப் படம் 'பொண்ட்' என்ற சொல்லுக்கு உரியதாம். டாங்குக்கு உரியது அதற்குக் கீழே இருந்தது: குழல் நீட்டிக்கொண்டு சங்கிலிச் சில்லில் நிற்கிற சண்டை வண்டி. அதற்கு அவள் கோடே இழுக்கவில்லை. "இது என்ன அம்மப்பா, பெக்கோவா?" என்று கேட்டாள். போர் முடிந்த 2009க்கு எவ்வளவோ பிறகு பிறந்த பிள்ளை. அவளுக்குத் தெரிந்த சங்கிலிச் சில்லு வாய்க்கால் வெட்ட வருகிற பெக்கோவினுடையதுதான். அவளின் அம்மம்மா தாளை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா.

பிள்ளை ஏன் குளத்துக்குக் கோடு இழுத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். குளக்கட்டில் நிற்கிற மும்மொழிப் பலகையைப் பார்த்தே அவள் எழுத்துக்கூட்டப் பழகினாள். சிங்களத்தில் வெவ, தமிழில் குளம், ஆங்கிலத்தில் டாங்க். எனக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களிலும் அந்தச் சொல் அப்படித்தான் வரும். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சுகிற குளம் 'மைனர் டாங்க்', குளக்கட்டு 'டாங்க் பண்ட்'. மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்கு ஆங்கிலப் பெயர் 'ஜயன்ட்ஸ் டாங்க்'. சிங்களத்தில் யோத வெவ என்பதை அப்படியே பெயர்த்த பெயர் அது; அரக்கன் குளம் என்று தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'வவுனிக்குளம் டாங்க்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். குளத்துக்குள் இன்னொரு குளம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் தாளில் இருக்கிற பொருளைவிடப் பிள்ளை போட்ட பொருள்தான் மூத்தது. ஆங்கிலேயர் இந்தச் சொல்லை இந்தியாவில் பொறுக்கினார்கள். நிலத்துக்குள் கட்டிய நீர்த்தொட்டிக்குக் குஜராத்தியிலும் மராத்தியிலும் வழங்குகிற சொல்லோடு, போர்த்துக்கேயரின் 'டாங்கே' என்ற சொல்லும் கலந்து வந்தது என்பார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இந்தப் பக்கத்துக் குளங்களை டாங்க் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். சண்டை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது முதலாம் உலகப்போர்க் காலத்தில். வண்டியை இரகசியமாகச் செய்துகொண்டிருந்தார்கள். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் தண்ணீர் கொண்டுபோகிற கலம் என்று சொல்லிச் சமாளிக்க வைத்த பெயர் அது. 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சின் சொம் களத்தில் முதன்முதலாக இறக்கினார்கள். பொய்யாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சண்டை வண்டியே தண்ணீருக்குள் ஒளித்துத்தான் பெயர் வாங்கியிருக்கிறது. அப்படியிருக்க, தண்ணீரைக் காட்டிய பிள்ளைக்குப் புள்ளடி போடலாமா?

மற்றப் பொருள்கள் எல்லாம் நாங்கள் நாளும் புழங்குகிறவைதான். கூரைக்கு மேலே கறுத்த பிளாஸ்டிக் டாங்க், மலகூடத்துக்குப் பின்னால் செப்டிக் டாங்க், மீன் வளர்க்கிற கண்ணாடி டாங்க். 2022இல் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த நாட்களில் 'ஃபுல் டாங்க்' என்பது பெரிய கனவாக இருந்தது. கையில்லாத பெனியனுக்கும் டாங்க் டொப் என்றுதான் பெயராம். அதைப் பேத்தியின் தாய் சொல்லித்தான் அறிந்தேன்.

எங்கள் தமிழிலும் இதே சிக்கல் இருக்கிறது. நீரைச் சேர்த்து வைப்பது நீர்த்தாங்கி. பேப்பரில் சண்டை வண்டியை யுத்த டாங்கி என்று எழுதுவார்கள், சிலர் தாங்கி என்றே எழுதிவிடுவார்கள். போருக்குப் பிறகு கிளிநொச்சியில் நிலத்தில் விழுந்து கிடந்த நீர்த்தாங்கியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லில் இரண்டும் சேர்ந்தே கேட்கும். ஒருமுறை எங்களுக்கு வந்த கடிதமொன்றின் தமிழ்ப் பிரதியில் 'சிறிய தொட்டிகளைப் புனரமைத்தல்' என்று இருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் எழும்பி, "மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டியோ தம்பி?" என்று கேட்டார். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசு உடைந்து, தண்ணீர் வீணாய் ஓடிக்கொண்டிருந்த குளத்தைப் பற்றிய கடிதம் அது.

சண்டை வண்டியின் படத்தைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு, பிள்ளை ஒருநாள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் எட்டு வயதில், இந்த மண்ணில், அதுதான் முதல் பொருளாக வரவேண்டுமா? எங்கேயோ ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கீறிய படத்தை இறக்கி அச்செடுப்பது சுகம், எனக்கும் விளங்குகிறது. ஒரு ஆசிரியர் எத்தனை தாள்தான் தானே கீறுவது. அப்படியென்றால் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் படத்தை மாற்றி ஒரு குளக்கட்டையும், ஒரு துருசையும், கரையில் நிற்கிற ஒரு மருத மரத்தையும் கீறிவிடுங்கள். பொண்ட் என்றால் என்ன, டாங்க் என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் குளக்கட்டைக் காட்டலாம். கட்டுப்போட்டு மறித்து வயலுக்கு விடுகிற தண்ணீர் டாங்க். அதற்கு மேல் நான் சொன்னால் உங்கள் வேலையில் கை வைத்ததாகிவிடும்.

பேத்தியின் தாளை இத்துடன் அனுப்புகிறேன். அந்தப் புள்ளடியை நீங்களே வெட்டிச் சரி போட்டுக் கொடுங்கள். நான் திருத்தப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறாள். டீச்சர் போட்டதுதான் சரியாம்.

இப்படிக்கு,
ஒரு அம்மப்பா