கலர் அட்டையை ஓரமாக வை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. பழைய வீட்டை வாங்கிவிட்டாய் என்றதும் சந்தோஷம்தான். ஆனால், ‘முன்னறைக்கு என்ன கலர் அடிக்கலாம்?’ என்று கடைசியில் கேட்டிருந்தாயே, அந்த வரியைப் பார்த்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முழங்கால் வலி வந்து இரண்டு நாள் படுத்துவிட்டதால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தபோது நானும் முதலில் கையில் எடுத்தது கலர் அட்டையைத்தான். முன்னறையில் ஒரு சுவர் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிக் கிடந்தது. பூச்சு பொரிந்து, விரல் பட்டால் பொலபொலவென்று கொட்டும். எனக்கு அது அசிங்கமாகத் தெரிந்ததே தவிர, வியாதியாகத் தெரியவில்லை. சுரண்டினோம், சிமெண்ட் பூசினோம், பட்டி பார்த்துப் பெயிண்டும் அடித்தோம். பார்க்க வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அடுத்த மழைக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. இடுப்போடு நின்றிருந்த ஈரம் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது!

அப்புறம்தான் காரணம் புரிந்தது. இது சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் காரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக் காய்ந்துகொண்டு இருந்திருக்கிறது. நான் சிமெண்டைப் பூசி அந்த வழியை அடைத்துவிட்டேன். வெளியே போக இடமில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறியது. கூட வந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் உறைந்து, அதைச் செதில் செதிலாகத் தள்ளிவிட்டது. சுவர் தன்பாட்டுக்குச் சமாளித்துக்கொண்டிருந்ததை நான் காசு கொடுத்துக் கெடுத்தேன்.

இதைத் தீர்த்து வைத்தவர் ஒரு வயதான கொத்தனார். சின்ன ஊரில் இது ஒரு வசதி: அவர் இளவயதில் சித்தாளாக வேலை பார்த்த வீடுகளில் இதுவும் ஒன்றாம். உள்ளே வந்து சுவரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ வெளியே வீட்டைச் சுற்றி நடந்தார். அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் நின்று, “மண்ண வெட்டி எடுங்க, சுவர் தானா காயும்” என்றார். வருடக்கணக்கில் மண் சேர்ந்து சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயரமாகிவிட்டிருந்தது. போதாததற்கு, மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் உடைந்து, சுவரின் காலடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. உள்தரைக்கு ஒரு சாண் கீழே வரும்வரை மண்ணை வெட்டினோம். குழாயை மாற்றி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். பெரும்பாலும் மண்வெட்டி வேலைதான், செலவு கம்மி.

சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே அம்மணமாக விட்டேன். தெருவில் போகிறவர்கள், “கையில் காசு தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார்கள். (பாதி உண்மை.) அதன் பிறகு சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. மேலே வெள்ளையடித்ததோடு சரி. இன்னமும் மழைக்காலத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் உப்புத் தெரியும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

அதனால் நீ முதலில் ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் சும்மா இருந்து பார். கரண்டு விஷயம் மட்டும் காத்திருக்கக் கூடாது, அதைப் பின்னால் சொல்கிறேன். மழை பிடித்ததும் டார்ச்சோடு ஒவ்வோர் அறையாகப் போ. ஈரம் தெரிகிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுது. ஒரு வாரத்தில் கோடு தாண்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் என்று நம்பாதே. எங்கள் சமையலறையில் சொட்டியதற்குக் காரணம், ஆறேழு அடி தள்ளி மொட்டை மாடியில் இலை அடைத்துக் கிடந்த தண்ணீர்ப் போக்கி. அதற்காகத் தளத்தையே உடைக்கப் பார்த்தார் முதலில் வந்த ஆள்!

கரண்டு வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. பழைய வயரின் உறை தொட்டால் நொறுங்குகிறதா, பிளக் பாயிண்டுகளுக்கு எர்த் இருக்கிறதா என்று நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துக் குடிபோகும் முன்பே பார்த்துவிடு. 30 மில்லி ஆம்பியர் கரண்டு கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று மெயின் போர்டில் கட்டாயம் வேண்டும். முழுக்க மாற்ற வேண்டியிருந்தால், பூச்சு வேலைக்கு முன்னால் மாற்று. பூசிய பிறகு சுவரை வெட்டுவது போன்ற வயிற்றெரிச்சல் வேறில்லை.

கதவுகளைத் தூக்கி எறிந்துவிடாதே. என் பின்வாசல் கதவில் ஐந்தாறு அடுக்குப் பெயிண்ட் இருந்தது. அதற்கடியில் அருமையான மரம்! கீலை மட்டும் மாற்றினேன். ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரம் தொட்டு உப்புத்தாள் போடு. முகத்துக்கு நல்ல மாஸ்க் வேண்டும். பேரப்பிள்ளை அன்றைக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது.

ஆட்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். ஒரே கொத்தனார் ஒரே வாரத்தில் மூன்று வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். கோபித்துக்கொண்டால் அடுத்த ஆள் அவருடைய மச்சானாக இருப்பார். முன்பணத்தைக் குறைத்துக் கொடு, முடிந்த வேலைக்கு அன்றன்றே கணக்குத் தீர். வேறு தந்திரம் எனக்குத் தெரியவில்லை.

முன்னறைத் தரையில் நெடுக ஒரு விரிசல் ஓடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். வேலைக்குக் குறைச்சலில்லை, அது ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை.

மழை ஆரம்பித்ததும் எழுது. அதுவரை அந்தக் கலர் அட்டையை எனக்கு அனுப்பி வை. என் பின்னறைச் சுவர் இப்போதுதான் காய்ந்திருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்