திருப்பணி நிறைவு அறிக்கை: பழைய கருவிகளை நெட்வொர்க்கில் சேர்த்த வேலை

டர்பனில் உள்ள நம் ஆலயத்தின் உறுப்பினர்களான ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அர்ச்சனைச் சீட்டுப் பிரிண்டர், அன்னதானக் களஞ்சியத் தராசு, ஜெனரேட்டர் கண்ட்ரோலர் மூன்றும் இப்போது கோயில் நெட்வொர்க்கில் இருக்கின்றன. குழாய் பதித்து, கேபிள் இழுத்து, சுவர் பூசியாயிற்று.

"புதிதாகவே வாங்கியிருக்கலாமே" என்று சிலர் கேட்டீர்கள். மூன்றும் நன்றாக ஓடுகிறவை. சீரியல் போர்ட் என்ற பழைய வகைக் கேபிள் வாய் மட்டும்தான் உண்டு என்பதற்காக அவற்றைத் தூக்கிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை. அதில் சொருகும் ஆர்எஸ்-232 கேபிளை 15 மீட்டர் அளவுக்குத்தான் நம்பி இழுக்கலாம். களஞ்சியத்திலிருந்து அலுவலகம் அதைவிடப் பல மடங்கு தூரம். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு சீரியல் சர்வர் பெட்டி வைத்தோம். கருவி தருவதை அது டிசிபி என்ற நெட்வொர்க் இணைப்பில் அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பும்.

ஒப்பந்ததாரர் விஷயத்தில் பல பேச்சு அடிபட்டதால் நடந்ததைச் சொல்கிறோம். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வரும்போதெல்லாம் தராசு அலுவலகத்தோடு பேச மறுத்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகும். "பெட்டிதான் கோளாறு, மூன்றையும் மாற்றுங்கள்" என்று அவர் புது விலை கொடுத்தார். தைப்பூசம் நெருங்கிவிட்டது. கொடுத்துத் தொலைக்கலாம் என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை.

நம் இளைஞர் மன்றத் தம்பி ஒருவர் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தார். பெட்டிக்கு யூபிஎஸ் உண்டு, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இல்லை. கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் இணைப்பை முடிக்காமலே அணைந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கேட்டால்தான் தராசு எடை சொல்லும். அதனால் பெட்டிக்கும் அனுப்ப ஒன்றும் இல்லை, எதிர்முனை போனதும் அதற்குத் தெரியாது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்து, ஒருவருக்கு மட்டுமே இடமுள்ள போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வரும் கம்ப்யூட்டருக்குக் கதவு சாத்தியிருக்கிறது! கீப்அலைவ் என்ற அமைப்பைப் போட்டதும், பெட்டி அடிக்கடி எதிர்முனையைத் தட்டிப் பார்த்துச் செத்த இணைப்பைத் தானே விடுவிக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதை மாற்றாமல் விட்டால் 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் தட்டல். ஒரு நிமிடமாகக் குறைத்தோம். அதற்குப் பிறகு எத்தனை முறை கரண்ட் போனாலும் தராசு நிற்கவில்லை.

ஒப்பந்ததாரரின் கூலியைப் பிடித்து வைத்தோம் என்பது தவறு. கேபிள் வேலைக்கான பாக்கி முழுவதும் கொடுத்தாயிற்று. வாங்காத பெட்டிக்குத்தான் கொடுக்கவில்லை.

மதிப்பீட்டைத் தாண்டிய செலவு ஒன்று உண்டு: ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஐசொலேட்டர், அதாவது கேபிளின் இரு முனைகளையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரித்து வைக்கும் கருவி. இங்கே கோடை இடியைப் பார்த்தவர்கள் இதைக் கேள்வி கேட்கமாட்டீர்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க வழி கேட்டவர்களுக்கு மறுத்துவிட்டோம். இந்த இணைப்பில் கடவுச்சொல்லோ, பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் குறியாக்கமோ கிடையாது. மண்டப வைஃபையிலிருந்தும் பிரித்தே வைத்திருக்கிறோம்.

பெட்டிகள் மகளிர் குழுவின் உபயம். கேபிள், காய்கறிக் கடை அண்ணனும் அவர் தம்பிமாரும். யூபிஎஸ், பஜனைக் குழு. ஐசொலேட்டர், செயலாளரின் அக்கா குடும்பம். வேலையாட்களுக்கு மூன்று நாள் சாப்பாடு, மடப்பள்ளி அம்மாமார். பென்ஷனிலிருந்து 200 ரேண்டு எடுத்து எங்கள் கையில் வைத்து, பெயர் போடக்கூடாது என்ற பாட்டிக்கும் நன்றி.

ரசீதுகளும் கணக்குப் புத்தகமும் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அலுவலக மேசையில் இருக்கும்.