எல்லாப் படத்துக்கும் காஸியன் பிளர் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பைத்தான் நிரல் எழுதிப் படங்களின் இரைச்சலை, அதாவது தேவையில்லாத புள்ளிகளைக் குறைப்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுதுவது ரொம்பவே நல்ல விஷயம். ஆனால் எந்தப் படமானாலும் காஸியன் பிளர் (ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளோடு கலந்து மங்கலாக்கும் முறை) போட்டால் போதும் என்கிற மாதிரி முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் புதிதாகக் கற்பவர்கள் அதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

படத்தில் அங்கங்கே வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் தெறித்திருக்கின்றன என்று வையுங்கள். அதிலிருந்து ஒன்பது பிக்சல் கொண்ட ஒரு சின்னக் கட்டம் (எண்கள் வெளிச்ச அளவு; 0 கறுப்பு, 255 வெள்ளை): மேல் வரிசையில் 52, 54, 55, நடுவில் 53, 255, 54, கீழே 56, 52, 55. அந்த 255தான் கோளாறு. சாதாரண சராசரி எடுத்தால் நடுப்புள்ளி 76 ஆகும். காஸியனோ நடுப்புள்ளிக்கே கால் பங்கு எடை கொடுக்கிறது, அதனால் 104 வருகிறது, அதாவது இன்னும் மோசம்! அதே ஒன்பது எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள், 54. மீடியன் பிளர் செய்வது அவ்வளவுதான். ஓப்பன்சிவி என்கிற படச் செயலாக்க நிரல் நூலகத்தில் ஒரே வரி.

குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் முழுக்கப் பரவியிருக்கும் பொடிப்பொடியான இரைச்சலுக்குக் காஸியன் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் கெர்னல், அதாவது ஒரு தடவைக்குக் கணக்கில் எடுக்கும் கட்டத்தின் அளவைக் கூட்டக் கூட்ட எழுத்தின் ஓரம், கண் இமை எல்லாம் கரைந்துவிடும். ஓரம் முக்கியம் என்றால், 1998-இல் தொமாசி, மண்டூக்கி என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த பைலேட்டரல் ஃபில்டரைப் பயன்படுத்தலாம். அது, ஒரு பிக்சல் பக்கத்தில் இருக்கிறதா என்பதோடு அதன் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் எடை போடும். வேகம் குறைவு, நிறைய படங்கள் இருந்தால் பொறுமை வேண்டும்.

அப்புறம், கட்டுரையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒரு சோதனை விட்டுப்போயிருக்கிறது. மூலப் படத்திலிருந்து ஃபில்டர் போட்ட படத்தைக் கழித்து, வருகிற வித்தியாசத்தைப் பத்து மடங்கு பெருக்கித் திரையில் பாருங்கள். வெறும் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் இரைச்சல்தான் போயிருக்கிறது. முகத்தின் வடிவமோ எழுத்துகளோ தெரிந்தால் படத்தையே அழித்திருக்கிறோம், கெர்னலைக் குறைக்க வேண்டும்.

அடுத்த பகுதி எழுதும்போது ஒரே படத்துக்கு மூன்று ஃபில்டரையும் போட்டு, இந்த வித்தியாசப் படங்களையும் பக்கத்தில் அச்சிடுங்கள். கொஞ்சம் பெரிதாகவே அச்சிடுங்கள், சின்னதாகப் போட்டால் எதுவும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்