தைப்பிங் பலகை சர்ச்

மச்சான், எப்படிடா இருக்க, முட்டி வலி கொறஞ்சிச்சா? ஜொகூர் போனதுல இருந்து ஆளையே காணோம், வாட்ஸ்அப்ல குட்மார்னிங் பூ படம் மட்டும் கரெக்டா வருது. இங்க சுங்கை சிப்புட்ல எல்லாம் வழக்கம் போலதான், செம்பனை வில பேச்சும் மழையும்.

போன வாரம் தைப்பிங்ல ஒரு கல்யாணம், சீக்கிரமே போயி சேந்துட்டோம், ஹால்ல நாற்காலி கூட இன்னும் போடல, சரின்னு மியூசியம் பக்கம் காலாற நடந்தேன். அங்கதான்டா ஆல் செயின்ட்ஸ் சர்ச், ஜாலான் தாமிங் சாரில. எத்தன தடவ தைப்பிங் போயிருக்கோம், ஒரு நாளாவது எறங்கி பாத்துருக்கமா?

1886ல கட்டுனது, பலகை சர்ச். அப்ப தைப்பிங்தான் பேராக்குக்கே தலைநகரம், ஈயம் ஓஹோன்னு ஓடுன காலம், அதுக்கு முந்தின வருஷம்தான் தைப்பிங்ல இருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவோட மொத ரயிலே ஓடுச்சு, நம்ம தாத்தாமாருங்க பால் வெட்டுன ரப்பர் தோட்டமெல்லாம் அதுக்கும் ரொம்ப பின்னாடி. கூர நல்லா செங்குத்தா எறங்குது, தைப்பிங் மழைக்கு அதான் சரி, தண்ணி நிக்க வழியே இல்ல. சொவத்த தொட்டு பாத்தேன், பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு அடிச்சு பலகையோட ஓரமே மழுங்கிப் போச்சு. கோலாலம்பூர்லயும் 1887ல புளப் ரோட்டுல செயின்ட் மேரிஸ்ன்னு இதே மாதிரி பலகையிலதான் மொதல்ல கட்டுனாங்க, ஆள் பெருகி எடம் பத்தலன்னு 1894ல பாடாங் திடல் பக்கத்துல கல்லு கட்டடம் கட்ட ஆரம்பிச்சு அங்க போயிட்டாங்க. தைப்பிங்காரன் மாத்தல.

பக்கத்துலயே கல்லறை. காய்ச்சல்ல சின்ன வயசுலயே போன வெள்ளக்காரனுங்க, கப்பல் ஏறி ஊர் திரும்பாதவனுங்க, பேரு வருஷம் எல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்கு. அதே மலேரியாலதான் நம்மாளுங்களும் கொத்து கொத்தா செத்தாங்க, தோட்டத்து மேட்டுல எவனுக்குடா கல்லு?

எனக்கு எரிச்சலே வேற. பலகைன்னா நிக்காது, கரையான் அரிச்சிடும்னு சொல்லித்தானே நம்ம தோட்டத்து லயத்து வீடுங்களையும் பழைய ஸ்கூலையும் ஒடச்சானுங்க, அதவிட பழசு இங்க 140 வருஷத்த தொட்டுகிட்டு நிக்குது. சாமி காப்பாத்துச்சுன்னு சொல்லிக்கலாம், ஆனா அழுகுன பலகைய மாத்தி பெயிண்ட் அடிக்க ஆளும் காசும் இருந்திருக்கு, அதான் வெசயம். நம்ம லயத்துக்கு தீவாளிக்கு தீவாளி அப்பா அடிச்ச சுண்ணாம்போட சரி, தோட்டத்து ஆபிஸ் கிராணிகிட்ட ஒழுகுதுன்னு சொன்னா ரெண்டு தகரம் வரும், அதுவும் மழ முடிஞ்சப்புறம்.

உங்க அக்கா கல்யாண போட்டோல பின்னாடி லயம் தெரியும்னு ஞாபகம், இருந்தா போன்ல புடிச்சு அனுப்புடா. டிசம்பர் லீவுக்கு இங்க வந்தீன்னா ரெண்டு பேரும் தைப்பிங் போயிட்டு வருவோம், கார் நான் எடுக்கிறேன், டோல் நீ கட்டு.