அது 1915 நாவல் இல்ல, 1988 நாவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழ்ல கலிஃபோர்னியால எங்க கிளெண்டேல் புக் ஷாப்ல நடந்த ஆர்மேனிய நாவல் நிகழ்ச்சி பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. நம்ம தமிழ்ப் பத்திரிகைல இதெல்லாம் வருதேன்னு சந்தோஷமாத்தான் படிக்க ஆரம்பிச்சேன், ஆனா முடிச்சதும் மனசு ஆறல. நானும் அன்னிக்கு அங்க இருந்தேன், மூணாவது வரிசைல. கட்டுரைக்கு "இனப்படுகொலை நாவல்"னு தலைப்பு குடுத்துட்டு, கடைசில, இவ்ளோ பெரிய சரித்திரம் கைல இருக்கு, ஆனா ஒரு வீட்டு சோகத்தோட நின்னுட்டாங்களேன்னு ஒரு குறையும் சொல்லியிருக்காரு எழுதினவரு. அதுக்குத்தான் இந்த லெட்டர். புக் பேரு, எழுத்தாளர் பேரு எல்லாம் நீங்களே போட்டுட்டதால நான் திரும்ப எழுதல.

அந்த நாவல், ஒட்டோமான் துருக்கி ஆட்சில ஆர்மேனியங்கள கொன்னு குவிச்ச 1915 பத்தி இல்லைங்க. 1988 டிசம்பர் 7 பத்தி. அன்னிக்கு காலைல 11:41க்கு வடக்கு ஆர்மேனியால வந்த பூகம்பம். ஸ்பிடாக்னு ஒரு ஊரு மொத்தமா தரைமட்டம், இன்னிக்கு கியூம்ரின்னு சொல்ற லெனினாகான்ல ஒம்போது மாடி கட்டடமெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சு போச்சு, குறைஞ்சது 25,000 பேர் செத்தாங்க, அஞ்சு லட்சம் பேருக்கு வீடு இல்லாம போச்சு. ஸ்கூல் நடந்துட்டு இருந்த நேரம். அதனாலதான் செத்தவங்கள்ல அவ்ளோ குழந்தைங்க.

நான் 1915ஐ சின்னதா நினைக்கறேன்னு தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க. கிளெண்டேல்ல பதினாலு வருஷமா இருக்கேன், ஏப்ரல் 24 இங்க ஸ்கூலுக்கே லீவு. 1915ல கான்ஸ்டான்டினோபிள்ல, அதான் இன்னிக்கு இஸ்தான்புல், எழுத்தாளர்களையும் பத்திரிகைக்காரங்களையும் ராத்திரியோட ராத்திரியா புடிச்சிட்டுப் போன நாள் அது, அதுக்கப்புறம் ஊர் ஊரா சனங்கள சிரியால இருக்கற டெர் சோர் பாலைவனம் பக்கம் நடக்க விட்டே கொன்னாங்க, 15 லட்சம் பேர் வரைக்கும்னு கணக்கு. அமெரிக்க ஜனாதிபதி வாயால அத இனப்படுகொலைன்னு முறையா சொல்ல வைக்க 2021 வரைக்கும் ஆச்சு. எந்த ஆர்மேனிய வீட்டுக்குப் போனாலும் ஒரு போட்டோவாவது அந்தக் கதை சொல்லும். ஆனா ஒரு இனத்துக்கு ஒரு துக்கம்தான் இருக்கணும்னு யாரு சொன்னா?

நாவல்ல வர்ற பாட்டி ஒரு அநாதை. 1915க்கு அப்புறம் ஆயிரக்கணக்கான ஆர்மேனியக் குழந்தைங்கள அமெரிக்க நிவாரணக்காரங்க கொண்டு வந்து வளர்த்த ஊரு இதே லெனினாகான்தான், அப்ப அதுக்கு அலெக்ஸாண்ட்ரோபோல்னு பேரு, அநாதை நகரம்னே சொல்வாங்களாம். அந்தப் பாட்டி அங்கயே வளர்ந்து, கல்யாணம் பண்ணி, பேரன் எடுத்த வீட்லதான் பூகம்பம் வருது. ஒம்போது வயசுப் பையன் போயிடறான். துக்கம் கேக்க வர்றவங்க எல்லாரும் அந்தப் பையனோட அம்மாகிட்ட ஒரே விஷயத்தத்தான் சொல்றாங்க: உன் மாமியார பாரு, அம்மா அப்பா கூடப்பொறந்தவங்கன்னு அத்தன பேரையும் பறிகுடுத்துட்டு நிமிர்ந்து நிக்கல? உனக்கு ஒண்ணுதானே போச்சு, மனச தேத்திக்க.

ஒண்ணுதானே. நாவல் பூரா இந்த ஒரு சொல்லச் சுத்தித்தான் போகுது. அந்தம்மா அப்புறம் அழறதே இல்ல, அழக்கூட தனக்கு தகுதி இல்லன்னு நினைச்சுக்கறா, பூகம்பத்துக்கப்புறம் குடுத்த தகரப் பெட்டி வீட்ல, தோமிக்னு சொல்றாங்க, அதுல வருஷக்கணக்கா வாய தொறக்காம இருக்கா. இத போய் வீட்டு சோகத்தோட நின்னுட்டாங்கன்னு சொன்னா, துக்கம் கேக்க வந்த அந்த ஊர்க்காரங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க?

அன்னிக்கு எழுத்தாளர் வாசிச்ச பகுதி பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்ல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். காலைல பையன் ஒரு கை கிளவுஸ வீட்லயே விட்டுட்டு ஓடறான். டிசம்பர் குளிரு. அந்தம்மா அத எடுத்துட்டு மாடிப்படி வரைக்கும் வர்றா, அவன் அதுக்குள்ள ரெண்டு மாடி இறங்கிட்டான், இவளுக்கு வேலைக்கு நேரமாச்சு, கோவத்துல கத்தறா, "கை விறைக்கட்டும், அப்பதான் புத்தி வரும்"னு. அதுதான் அவ புள்ளைகிட்ட கடைசியா பேசினது. எழுத்தாளர் இத மொதல்ல ஆர்மேனியன்லயும் அப்புறம் இங்கிலீஷ்லயும் வாசிச்சாங்க, குரல ஏத்தாம, மளிகை லிஸ்ட் வாசிக்கற மாதிரி. எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவரு கைல காபி கப் இருந்துச்சு, அவங்க ஊரு சின்னக் கப்பு, முழுசா வாசிச்சு முடிக்கற வரைக்கும் அவரு அத வாய்க்கும் கொண்டு போகல, கீழயும் வைக்கல.

கேள்வி நேரம் வந்ததும் மொதல் மூணு கேள்வியும் 1915 பத்திதான். இதுவும் அந்தப் பெரிய காயத்தோட தொடர்ச்சிதானே, துருக்கில இத மொழிபெயர்ப்பாங்களா, 2023ல அஜர்பைஜானுக்குள்ள இருக்கற கராபாக்ல இருந்து ஒரு லட்சம் ஆர்மேனியங்க கிளம்பி வந்தாங்களே அத அடுத்து எழுதுவீங்களா. கேட்டவங்க யாரையும் தப்பு சொல்லல, அவங்க வலி அவங்களுக்கு. எழுத்தாளர் பொறுமையா பதில் சொன்னாங்க, ஆனா மூணாவது பதில்ல லேசா களைச்சுப் போனது தெரிஞ்சுது, நான் எழுதினது ஒரு பையனப் பத்தின்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டாங்க.

அப்ப பின்வரிசைல இருந்து ஒரு வயசான அம்மா எழுந்தாங்க. நிகழ்ச்சிய நடத்தினவரு கேள்விய சுருக்கமா கேளுங்கன்னாரு. அவங்க கேள்வியே கேக்கல. ஆர்மேனியன்ல ஒரு பேரு சொன்னாங்க, மூணாங்கிளாஸ்னு சொன்னாங்க, ஸ்கூல் நம்பர் சொன்னாங்க, உக்காந்துட்டாங்க. அவ்ளோதான். பக்கத்துல இருந்தவங்கதான் அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு மெதுவா இங்கிலீஷ்ல சொன்னாங்க. அந்தப் பேர நான் இங்க எழுத மாட்டேன், அது அவங்களுது. எழுத்தாளர் மேடைல இருந்து இறங்கி நேரா அவங்ககிட்ட போய் கைய புடிச்சுக்கிட்டு "ட்ஸாவ்ட் டானெம்"னாங்க. உன் வலிய நான் எடுத்துக்கறேன்னு அர்த்தம். இங்க பேக்கரில ரொட்டி வாங்கப் போனா கூட குழந்தைங்கள கொஞ்சறப்ப இதத்தான் சொல்வாங்க, நானே ஆயிரம் தடவ கேட்டிருக்கேன், அன்னிக்குத்தான் அது என்ன சொல்லுதுன்னு காதுல விழுந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், நம்ம பத்திரிகைங்கறதால. நான் பாரிமுனைல வளர்ந்தவ. அரண்மனைக்காரன் தெரு இருக்கே, செவ்வாக்கிழமையானா அந்தோணியார் கோயிலுக்கு கூட்டம் அலைமோதும், அதே தெருலதான் ஆர்மேனியன் சர்ச்சும். ஆர்மேனியக்காரன் தெருங்கறதுதான் நம்ம வாய்ல அரண்மனைக்காரன் ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அங்க பாதிரியாரா இருந்தவரு ஹாருத்யுன் ஷ்மாவோனியன். உலகத்துலயே மொதல் ஆர்மேனியப் பத்திரிகை, அஸ்தாரார்னு பேரு, 1794ல மெட்ராஸ்லதான் வந்துச்சு, கொண்டு வந்தது இவருதான். ஒண்ணரை வருஷம் நடத்தினாரு. அவரு கல்லறையும் அங்கயேதான் இருக்கு. ஆர்மேனியப் பத்திரிகைக்கே தகப்பன்னு அவர கொண்டாடறாங்க. ஆனா ஈரான்ல ஷிராஸ்ங்கற ஊர்ல இருந்தப்ப ஒரே வாரத்துல ரெண்டு புள்ளைங்கள பறிகுடுத்துட்டு, வருஷக்கணக்கா ஆள் அரவமில்லாம ஒதுங்கிப் போய் பாரசீகம் படிச்சுட்டுக் கிடந்த மனுஷன் அவரு. அந்தப் பத்திரிகைய பத்தி பேசற எல்லாரும் அந்த ஒரு வாரத்த ஒரு வரில தாண்டிப் போயிடறாங்க, நானும் அப்படித்தான் படிச்சுட்டு தாண்டிப் போயிருக்கேன்.

அதனால அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தமாவது போடுங்க, இது லெனினாகான் பூகம்பத்துல செத்த ஒரு பையனோட கதைன்னு. முடிஞ்சா அந்த கிளவுஸ் பகுதிய யாராவது நல்லா தமிழ் பண்ணி, அனுமதி வாங்கிப் போடுங்க. நானே பண்ணுவேன், எனக்கு அவ்ளோ ஆர்மேனியன் வராது, இங்கிலீஷ்ல இருந்து பண்ணா அவங்க பேச்சோட ருசி போயிடும்.

என் காப்பிய பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்திருக்கேன். அவங்க கியூம்ரிக்காரங்க, 90ல இங்க வந்தவங்க. வாங்கி முன்னட்டைய கொஞ்ச நேரம் பாத்தாங்க, சமையக்கட்டுல ஃப்ரிட்ஜ் மேல வச்சாங்க. மூணு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை வழக்கம் போல கதான்னு அவங்க ஊரு இனிப்பு ரொட்டி சுட்டு தட்டுல அனுப்பினாங்க, புக்க பத்தி ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

இப்படிக்கு,
கிளெண்டேல் வாசகி