மூன்று சுண்டு, ஐந்து சுண்டு

உப்புவெளி, திருகோணமலை
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, கிணறு நன்றாகக் கீழே போய்விட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் உன் மகன் தண்ணீரைக் கொட்டுகிற கணக்கு ஒன்றை அனுப்பியிருக்கிறான். மூன்று லீட்டர் பாத்திரம் ஒன்று, ஐந்து லீட்டர் பாத்திரம் ஒன்று, கோடு எதுவும் இல்லை, நாலு லீட்டர் அளந்து தாங்கோ அம்மம்மா என்றான். "சரி, நாளைக்குச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். விடை தெரியவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் தேத்தண்ணி குடித்த கையோடு குசினியில் பாத்திரம் தேடினேன். கணக்கில் வருகிற பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? லீட்டரை விட்டுவிட்டு அரிசி அளக்கும் சுண்டை எடுத்தேன். பழைய பால் கேத்தல் சரியாக மூன்று சுண்டு கொண்டது. ஐஸ்கிரீம் வாளி ஐந்துக்கு மேலே பிடித்தது. விளிம்பைக் கத்தியால் அரிந்து ஐந்தாக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வாளியை நிரப்பிக் கேத்தலில் ஊற்றினால் வாளியில் மிஞ்சுவது இரண்டு. கேத்தலைக் காலி செய்து அந்த இரண்டை அதில் விட்டால், அங்கே இன்னும் ஒரு சுண்டுக்குத்தான் இடம். அந்த இடம்தான் சூட்சுமம். நான் அரை மணி நேரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெற்றிடத்தைப் பார்க்கவில்லை. வாளியை மறுபடி நிரப்பி அந்த ஒன்றை ஊற்றியதும் மிச்சம் நாலு. ஆறே வேலை. கேத்தலில் தொடங்கினாலும் வரும், ஆனால் எட்டு வேலை. திருப்பி அளந்தபோது நாலாவது சுண்டு மயிரிழை குறைந்தது. பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் துளியைக் கணக்குக்காரர் எவரும் சேர்ப்பதில்லை போலும். கொட்டியதெல்லாம் முருங்கைக்குப் போனது.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "தண்ணீர் என்றால் கொட்டலாம், எண்ணெய் என்றால்?" எட்டுப் போத்தல் எண்ணெய் நிறைந்த தகரம், ஐந்தும் மூன்றும் கொள்ளும் வெறும் பாத்திரங்கள், சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரியும் நானும் சேர்ந்து நல்லெண்ணெய் வாங்கிக் கண்மட்டத்தில் பிரித்து, ஒரு மாதம் முகம் பார்க்காமல் திரிந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வழி அதேதான். கொட்டுகிற இடத்தில் தகரத்திலேயே திருப்பி ஊற்ற வேண்டும். ஏழாவது ஊற்றில் தகரத்திலும் நாலு, ஐந்திலும் நாலு. அன்றைக்கு இது தெரியாமல் போயிற்று. 1781இல் பிறந்த புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இப்படி ஒரு கணக்கில் மயங்கித்தான் கணிதத்தின் பக்கம் வந்தார் என்று கதை உண்டாம். அப்பா சொன்னார்.

அடுத்த கணக்கில் உன் மகன் என்னை ஏமாற்றிவிட்டான். நாலும் ஆறும் வைத்து ஐந்து அளக்க வேண்டுமாம். ஒரு பின்னேரம் முழுக்க ஊற்றி ஊற்றிப் பார்த்தேன், சோறு குழைந்துவிட்டது. இரட்டையோடு இரட்டையைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒற்றை எங்கிருந்து வரும்? போனில் சிரிக்கிறான், கள்ளன்.

பதிலுக்கு நான் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சுண்டு நிறையப் பால். வேறு பாத்திரம் இல்லை, கோடும் இல்லை. அதில் அரைச் சுண்டு மட்டும் மிஞ்ச வேண்டும். உன் அம்மம்மா தேங்காய்ப்பாலுக்குச் செய்வது உனக்குத் தெரியும்தானே: பேணியை மெல்லச் சரித்துக்கொண்டே போய், பால் ஒரு பக்கம் வாய் விளிம்பையும் மறுபக்கம் அடி மூலையையும் தொடும் இடத்தில் நிறுத்துவார். சரி பாதி. பக்கம் நேராக நிற்கும் பேணிக்குத்தான் இது. வாய் அகன்ற கோப்பைக்குச் சரிவராது.

அவனுக்குச் சொல்லிவிடாதே. இரண்டு நாள் தவிக்கட்டும். குசினியில் பால் சிந்தினால் என்னைத் திட்டு, அவனைத் திட்டாதே.

அன்புடன்,
அம்மா